ஊர்சுத்தி பதில்கள்: டிங்கிள்ல ஒரு ரவுண்டு, ஒரு முழு நாள்

போன இதழ்ல போற போக்குல "அயர்லாந்து போனா டிங்கிள்ல கார் எடுத்துட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க"ன்னு ஒரு வரி எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கேள்வில பாதிக்கு மேல அதைப் பத்தியேதான், அதனால இந்த இதழ் முழுக்க அந்த ஒரு ஊர்தான். வேற ஊர் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, உங்க கேள்விங்க பத்திரமா இருக்கு.

டிங்கிள் எங்க இருக்கு? ஸ்லே ஹெட் ட்ரைவ்னு சொன்னீங்களே, அது எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஆகும்?
வாசகர், திருச்சி

அயர்லாந்தோட தென்மேற்கு மூலைல கெர்ரி கவுன்ட்டி இருக்கு. அந்தப் பக்கத்துக் கரைலேருந்து அட்லான்டிக் கடலுக்குள்ள நீள நீளமா நீட்டிட்டிருக்கற தீபகற்பங்கள்ல வடக்குக் கோடில இருக்கறது டிங்கிள். அதோட மேற்கு முனையைச் சுத்தி, டிங்கிள் டவுன்ல ஆரம்பிச்சு டிங்கிள் டவுன்லயே வந்து முடியற ரோடுதான் ஸ்லே ஹெட் ட்ரைவ், சுமார் 47 கிலோமீட்டர். மேப்ல போட்டா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலன்னு காட்டும், அதை நம்பி மத்தியானம் சாப்பிட்டுட்டு சாவகாசமா கிளம்பறவங்கதான் அதிகம், அப்புறம் பாதி இடத்துல இறங்காமலேயே ஜன்னல் வழியா போட்டோ எடுத்துட்டுத் திரும்பி வந்து "அப்படி ஒண்ணும் பெருசா இல்லையே"ன்னு சொல்லுவாங்க. இந்த 47 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. ஸ்டியரிங் பிடிக்கற நேரத்தை விட இறங்கி நடக்கற நேரம் ஜாஸ்தியா இருக்கணும், இல்லேன்னா இவ்ளோ தூரம் போறதே வேஸ்ட்.

நான் டப்ளின்ல ஐடில இருக்கேன். அப்பா அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. சனிக்கிழமை விடியக்காலைல கிளம்பி ராத்திரி வீடு திரும்பற மாதிரி டிங்கிள் பாத்துட்டு வந்துடலாமா?
வாசகி, டப்ளின்

வேண்டாம்மா. டப்ளின்லேருந்து டிங்கிள் ஒரு பக்கமே சுமார் 350 கிலோமீட்டர், நிறுத்தாம போனாலே நாலரை மணி நேரம். போக வர ஒன்பது மணி நேரம் அப்பாம்மாவை சீட்ல உக்கார வச்சுட்டு, நடுவுல ஒரு அவசர ரவுண்டு அடிச்சா அவங்களுக்கு ஞாபகம் இருக்கப் போறது இடுப்பு வலி மட்டும்தான். ரெண்டு ராத்திரி அங்க தங்குங்க. லாங் டிரைவ் வேண்டாம்னா டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷன்லேருந்து கில்லார்னிக்கோ ட்ராலிக்கோ ட்ரெயின்ல போய் அங்க வாடகைக் கார் எடுத்துக்கலாம், ஆனா கார் முன்னாடியே புக் பண்ணியிருக்கணும், ஸ்டேஷன் வாசல்ல வரிசையா நிக்கும்னு நினைச்சுட்டுப் போகாதீங்க.

கில்லார்னி வழியா போனா இன்ச் பீச் வழியிலயே வரும், கடலுக்குள்ள அஞ்சு கிலோமீட்டர் நீளத்துக்கு நீட்டிட்டிருக்கற மணல் திட்டு, அப்பாவுக்கு நடக்கப் பிடிக்கும்னா அங்கயே ஒரு மணி நேரம் போயிடும். அதைத் தாண்டினா ஆனஸ்கால்னு ஒரு சின்ன ஊர், அங்க சவுத் போல் இன்னுன்னு ஒரு பப் இருக்கு, தென் துருவத்துக்கும் கெர்ரி கிராமத்துக்கும் என்னடா சம்பந்தம்னு தோணும். டாம் க்ரீன்ங்கறவர் திறந்த கடை அது. துருவத்தைத் தேடிப் போன கேப்டன் ஸ்காட்டோட ரெண்டு பயணம், அதே மாதிரி இன்னொரு துருவப் பயணி ஷாக்கிள்டனோட ஒரு பயணம்னு அன்டார்ட்டிகாவுக்கு மூணு தடவை போனவர், 1912-ல கூட வந்த ஆபீசர் ஸ்கர்வி வந்து சாகக் கிடந்தப்ப பனில தன்னந்தனியா 56 கிலோமீட்டர் நடந்து போய் ஆள் கூட்டிட்டு வந்து காப்பாத்தினவர். அத்தனையும் முடிச்சுட்டு ஊர் திரும்பி 1927-ல பப் திறந்து அமைதியா உக்காந்துட்டார், துருவக் கதையைப் பத்தி வாயே திறக்க மாட்டார்னு ஊர்ல சொல்லுவாங்க. நம்மாளா இருந்தா தினம் சாயங்காலம் திண்ணைல கச்சேரிதான்.

எந்தப் பக்கமா சுத்தணும்? கடிகாரச் சுத்தா, எதிர்ச்சுத்தா? நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
வாசகர், பெங்களூரு

கடிகாரச் சுத்து. சந்தேகமே வேண்டாம். டூர் பஸ் எல்லாம் அப்படித்தான் போகுது, நீங்க மட்டும் எதிர்ல வந்தா ஒரு வண்டி மட்டும் போற வளைவுல பஸ்ஸோட மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கணும், அப்ப ரிவர்ஸ் எடுக்கப் போறது பஸ் டிரைவர் இல்ல, நீங்கதான். இன்னொரு காரணமும் இருக்கு, அயர்லாந்துல நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், கடிகாரச் சுத்துல போனா கடல் உங்க இடது கைப் பக்கம் வரும், அதனால பக்கத்து சீட்ல இருக்கறவங்களுக்கும் கடலுக்கும் நடுவுல எதிர் வண்டியே வராது. கொடுத்து வச்சவங்க. ஓட்டறவருக்கு ரோடுதான், அதுக்குத்தான் நிறுத்தி நிறுத்திப் போங்கங்கறேன்.

சென்னைல பதினஞ்சு வருஷமா ஓட்டறேன் சார். அயர்லாந்து ரோடெல்லாம் எனக்கு ஜுஜுபிதானே?
வாசகர், வேளச்சேரி

ட்ராஃபிக் ஜுஜுபி, ரோடு ஜுஜுபி இல்ல. இங்க பிரச்சினை வண்டிக் கூட்டம் கிடையாது, ரோட்டோட அகலம். ஒரு பக்கம் கல்லுச் சுவர் இல்லேன்னா செடி வேலி, இன்னொரு பக்கம் இடுப்பளவு குட்டிச் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் பாறைச் சரிவு, கீழ கடல். நடுவுல ஒண்ணரை வண்டி போற அளவுக்கு ரோடு. எதிர்ல வண்டி வந்தா யாருக்கு ஒதுங்க இடம் பக்கத்துல இருக்கோ அவங்க ஒதுங்கணும், ஹாரன் அடிச்சு "நீ போ பின்னாடி"ன்னு சொல்ற வழக்கமெல்லாம் கிடையாது. ஒதுங்கினவருக்கு எதிராள் ஸ்டியரிங்லேருந்து கையை எடுக்காம ஒரு விரலை மட்டும் லேசா தூக்குவார், அதுதான் அங்க வணக்கம், தேங்க்ஸ் எல்லாம். நீங்களும் தூக்குங்க. கொஞ்ச நேரத்துல பழகிடும், அப்புறம் ஊர் திரும்பி ஓ.எம்.ஆர்.ல யாரைப் பாத்தாலும் விரல் தூக்கத் தோணும், அது உங்க பாடு.

வென்ட்ரியைத் தாண்டி கல்லுக் குடிசைங்க இருக்கற இடத்துக்கிட்ட ஒரு வளைவுல மலைலேருந்து இறங்கற ஓடை பாலம் கீலம்னு எதுவும் இல்லாம ரோட்டு மேலயே குறுக்க ஓடும். கல் பாவின தரை மேல தண்ணி சலசலன்னு போயிட்டே இருக்கும், மெதுவா முதல் கியர்ல உருட்டிட்டுப் போங்க, அதைத் தாண்டின உடனே லேசா ப்ரேக் மிதிச்சு காய வச்சுக்கோங்க. ராத்திரி நல்ல மழை பெஞ்சிருந்தா டிங்கிள்லயே விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

ஸ்பீட் லிமிட் எல்லாம் கிலோமீட்டர் கணக்குதான். 2025 பிப்ரவரிலேருந்து கிராமத்து லோக்கல் ரோடுல பொதுவான லிமிட்டை 80-லேருந்து 60 ஆக்கிட்டாங்க, ஆனா ஸ்லே ஹெட்ல பல இடத்துல 60 என்ன, 30-ல போறதே ஜாஸ்தி. லிமிட்ங்கறது அதிகபட்சம்தான், கட்டாயம் அந்த வேகத்துல போயே ஆகணும்னு இல்ல. பின்னாடி லோக்கல் ஆள் வந்து ஒட்டிட்டிருந்தா இடம் பாத்து ஒதுங்கி அவரை அனுப்பிடுங்க, அவருக்கு வேலை இருக்கு, நமக்குத்தான் லீவு.

இந்திய லைசென்ஸ் செல்லுமா? வாடகைக் கார்ல என்னென்ன கவனிக்கணும்?
வாசகர், சேலம்

டூரிஸ்டா போறப்ப இந்திய லைசென்ஸ்ல ஓட்டலாம், ஒரு வருஷத்துக்குள்ள இருக்கற தற்காலிகப் பயணத்துக்கு அது போதும். ஆனா சில வாடகைக் கம்பெனிங்க இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கேப்பாங்க, ஆர்.டி.ஓ.ல வாங்கறது பெரிய விஷயம் இல்ல, வாங்கி வச்சுடுங்க. ட்ரைவர் பேர்ல க்ரெடிட் கார்டு வேணும், டெபிட் கார்டைக் காட்டினா பல இடத்துல கையை விரிச்சுடுவாங்க. ஆட்டோமேட்டிக் கார் வேணும்னா சீக்கிரமே புக் பண்ணுங்க, கியர் கார்தான் மலிவு.

இன்சூரன்ஸ்ல ஒரு விஷயம் நல்லா பாருங்க. க்ரெடிட் கார்டோட இலவசமா வர்ற வாடகைக் கார் இன்சூரன்ஸ் உலகம் பூரா செல்லும்னு போட்டிருப்பாங்க, கீழ பொடி எழுத்துல அயர்லாந்து நீங்கலாகன்னு இருக்கும், எல்லா கார்டும் அப்படி இல்ல, ஆனா நிறைய கார்டு அப்படித்தான். கவுன்ட்டர்ல நிக்கறப்ப இது தெரிஞ்சா அவங்க சொல்ற ரேட்டுக்கு தலையாட்டறதைத் தவிர வேற வழி கிடையாது. அதே மாதிரி டயர், கண்ணாடி, சைடு மிர்ரர் இதெல்லாம் சாதாரண பேக்கேஜ்ல சேராது, இந்த ரோட்டுல முதல்ல அடிபடறதே இடது பக்க மிர்ரர்தான், செடி வேலிக்குள்ள கல்லுச் சுவர் ஒளிஞ்சிருக்கும். முடிஞ்ச வரைக்கும் சின்னக் காரா எடுங்க. கவுன்ட்டர்ல "ஃப்ரீ அப்கிரேட், பெரிய எஸ்.யூ.வி. தர்றோம்"னு சொன்னா பெரிய மனசு பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க.

டிங்கிள்லயே டேங்க் நிரப்பிக்கோங்க. பங்க்ல நீங்களேதான் போட்டுக்கணும், கறுப்பு குழாய் டீசல், பச்சை பெட்ரோல், போட்டுட்டு உள்ள போய் காசு கட்டணும்.

எங்களுக்கு ஷெங்கன் விசா இருக்கு. அதுலயே அயர்லாந்தும் போயிடலாம்ல?
வாசகி, கோயம்புத்தூர்

போக முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இருக்கு, யூரோவும் செலவாகும், ஆனா ஷெங்கன்ல இல்ல. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஐரிஷ் விசா தனியா வேணும். பிரிட்டனும் சேத்துப் போறவங்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா ஸ்கீம்னு ஒண்ணு இந்தியர்களுக்கு உண்டு, விசாவுல அதுக்கான குறிப்பு இருந்தா ஒரே விசால ரெண்டு நாடும் பாக்கலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஐரிஷ் குடிவரவுத் துறை சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க, விசா விஷயத்துல பத்திரிகையை மட்டும் நம்பாதீங்க, இந்தப் பத்திரிகை உள்பட.

நாங்கள் லண்டனிலை இருக்கிறம். எங்கட காரையே கப்பலிலை ஏத்திக்கொண்டு வரலாமோ? பிள்ளையள் மூண்டு பேர், சாமானும் கூட.
வாசகர், ஹாரோ

தாராளமா வரலாம், மூணு பிள்ளைங்கன்னா அதுதான் சவுகரியமும். ஹோலிஹெட்லேருந்து டப்ளினுக்கு கப்பல் சுமார் மூணே கால் மணி நேரம். ஆனா நீங்க லண்டன்லேருந்து வர்றதால வேல்ஸோட தெற்குப் பக்கம் ஃபிஷ்கார்ட் இல்லேன்னா பெம்ப்ரோக்லேருந்து ராஸ்லேர் வர்ற கப்பலையும் பாருங்க, டப்ளின் நெரிசல் இல்லாம நேரா தெற்குக் கரையோட கெர்ரிக்கு வந்துடலாம். ஸ்பீடோமீட்டர்தான் கவனம், உங்க கார்ல பெரிய எழுத்து மைல், அங்க போர்டுல கிலோமீட்டர், 80ங்கற போர்டைப் பாத்துட்டு 80 மைல்ல போனா கதை கந்தல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுடுங்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுன்னா விசா வேண்டாம், வீட்ல யாருக்காவது இன்னும் இலங்கை பாஸ்போர்ட்டுன்னா அவங்களுக்கு ஐரிஷ் விசா தனியா எடுக்கணும், அந்த ரெட்டை விசா ஸ்கீம் இலங்கைக்குக் கிடையாது.

சரி, வழில எங்கெங்க நிறுத்தணும்? முக்கியமான அஞ்சு இடம் மட்டும் சொல்லுங்க போதும்.
வாசகர், மதுரை

அஞ்சுன்னு எண்ணிக் குடுக்க எனக்கு வராது, வழியோடவே போவோம் வாங்க.

டிங்கிள்லேருந்து கிளம்பினா முதல்ல வென்ட்ரி, வளைஞ்ச அமைதியான பீச், குழந்தைங்களைத் தண்ணில விடணும்னா இங்க விடுங்க, முன்னாடி போகப் போக கடல் முரடாயிடும். அதுக்கப்புறம் ரோடு மலையை ஒட்டி ஏற ஆரம்பிக்கும். டன்பெக் கோட்டைன்னு பாறை விளிம்புல ஒரு பழைய கல் கோட்டை இருக்கு, அதோட ஒரு பகுதி ஏற்கெனவே கடல்ல விழுந்தாச்சு, 2014 ஜனவரிப் புயல்லயும் கொஞ்சம் போச்சு. அது பக்கத்துலயே மலைச் சரிவுல தேன்கூடு குடிசைன்னு சொல்ற வட்டமான கல் வீடுங்க, சாந்தே இல்லாம அடுக்கினது. எல்லாம் தனியார் விவசாயிங்களோட நிலத்துல இருக்கறதால வாசல்ல ஒரு ஆள் உக்காந்து சில யூரோ வாங்குவார், சில்லறை கைல வச்சுக்கோங்க. மேல புல்வெளில ஆடுங்க முதுகுல நீலம் சிவப்புன்னு பெயின்ட் அடிச்சிருக்கும், யார் ஆடுன்னு தெரியறதுக்காக.

அடுத்தது ஸ்லே ஹெட் முனை. வெள்ளை நிறத்துல ஏசு சிலுவைல இருக்கற சிலை வந்துட்டா முனை வந்துடுச்சுன்னு அர்த்தம். இங்கதான் முதல் தடவையா பிளாஸ்கெட் தீவுங்க மொத்தமா கண்ணுல படும், எல்லாரும் ரோட்டு நடுவுலயே நிறுத்திட்டு வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க, தயவு செஞ்சு ஓரமா இருக்கற இடத்துல நிறுத்துங்க. அதைத் தாண்டினா கூமினூல் பீச். பாக்க அவ்ளோ அழகு, ஆனா குளிக்க இறங்கவே கூடாது, அடி நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடும், போர்டே வச்சிருக்காங்க. அங்கேருந்து டன்மோர் ஹெட் மேல ஏறி நடங்க, அயர்லாந்து பெரு நிலத்தோட மேற்குக் கோடின்னு அதைத்தான் சொல்றாங்க. உச்சில ஒரு ஓகம் கல்லு நிக்கும். ஓகம்ங்கறது பழைய ஐரிஷ் மொழியை எழுதின லிபி, கல்லோட விளிம்பையே நடுக்கோடா வச்சு ரெண்டு பக்கமும் வெட்டு வெட்டா கீறியிருப்பாங்க, கீழேருந்து மேல படிக்கணும், பெரும்பாலும் ஆள் பேரும் அப்பன் பேரும்தான் இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குப் பக்கமா அந்தக் காத்துல நின்னுட்டிருக்கற கல்லு, மேல ஏறிப் பாத்தீங்கன்னா நமக்கு அஞ்சு நிமிஷம் நிக்கவே முடியாது.

டன்குயின் துறைமுகம் போட்டோல நீங்க ஏற்கெனவே பாத்திருப்பீங்க, பாறைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு கீழ இறங்கற கான்கிரீட் பாதை. அது நடக்கறதுக்கும் ஆடு இறக்கறதுக்கும் உள்ள பாதை, காரை அதுல இறக்கிடாதீங்க, கீழ திருப்ப இடம் கிடையாது.

க்ளோஹர் கடற்கரைல அலை பாறைல மோதறதைப் பாத்துட்டு, பக்கத்துலயே லூயிஸ் மல்கஹியோட பானைக்கடை இருக்கு, 1975-லேருந்து நடக்குது, மேல கஃபே, நல்ல காபி, நல்ல டாய்லெட், வயசானவங்களோட போனா ரெண்டாவதுதான் முக்கியம். அப்புறம் பாலிஃபெரிட்டர். அதைத் தாண்டி ஸ்மெரிக் துறைமுகப் பக்கம் ஒரு நினைவுக்கல் இருக்கு, 1580 நவம்பர்ல இங்க கோட்டைக்குள்ள இருந்த போப்பாண்டவரோட படை, பெரும்பாலும் இத்தாலி ஸ்பெயின்காரங்க, இங்கிலீஷ் படைகிட்ட சரணடைஞ்சாங்க, சரணடைஞ்ச பிறகு சுமார் 600 பேரை வெட்டிப் போட்டுட்டாங்க. வால்டர் ராலி அந்தப் படைல ஒரு கேப்டன். இன்னிக்குப் போனா பச்சைப் புல்லும் மாடும்தான் இருக்கு.

இந்த ரவுண்டுல ஒரே ஒரு இடத்துலதான் நிறுத்த முடியும்னா நான் சொல்றது காலரஸ். ஒரு சின்ன கல் கோயில், கவுத்து வச்ச படகு மாதிரி இருக்கும். உள்ள அளந்தா அஞ்சு மீட்டருக்கு மூணு மீட்டர்தான் வரும். சுண்ணாம்பு இல்ல, சாந்து இல்ல, வெறும் மணற்கல்லை ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி அடுக்கிட்டே போய் உச்சில சேத்துட்டாங்க, சுவரே மேல போய் கூரையா மாறிடுது, எங்க சுவர் முடியுது எங்க கூரை ஆரம்பிக்குதுன்னு விரல் வச்சுக் காட்ட முடியாது. ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கமா லேசா சாய்ச்சு வச்சிருக்காங்க, மழைத் தண்ணி உள்ள வராம வெளிய வழிஞ்சுடும். மழை பெய்யறப்ப உள்ள போய் நின்னு சுவத்தைத் தடவிப் பாருங்க, காஞ்சிருக்கும். கிழக்குல முழங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், மேற்குல குனிஞ்சு போற வாசல், வாசலுக்கு மேல உள்பக்கம் ஓட்டை போட்ட ரெண்டு கல்லு நீட்டிட்டிருக்கும், கதவு மாட்டறதுக்கு. எப்பக் கட்டினதுங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்டை, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுங்கறவங்களும் உண்டு, பன்னிரண்டுங்கறவங்களும் உண்டு. எப்பவா இருந்தா என்ன, இன்னி வரைக்கும் ஒழுகல. போன வருஷம் கட்டின ஃப்ளாட்ல பக்கெட் வச்சிட்டிருக்கறவங்க நிறைய பேர் இதைப் படிப்பீங்க, மனசை விட்டுடாதீங்க.

அங்கேருந்து கில்மல்கேடர் பழைய சர்ச், அப்புறம் டிங்கிள் திரும்பிடலாம். இந்தப் பக்கம் ஐரிஷ் பேசற ஏரியா, ரோட்டு போர்டெல்லாம் ஐரிஷ் பேர்லதான் இருக்கும், அதனால மேப்ல ரெண்டு பேரையும் பாத்து வச்சுக்கோங்க, டிங்கிள்னா போர்டுல அன் டெய்ங்கன் இல்லேன்னா டெய்ங்கன் ஈ ஹூஷ்.

பிளாஸ்கெட் தீவுல இப்ப யாருமே இல்லைன்னு கேள்விப்பட்டேன். ஏன் காலி பண்ணாங்க?
வாசகி, புதுச்சேரி

நல்ல கேள்வி, அங்க போற பாதிப் பேர் கேக்காத கேள்வி.

அந்தத் தீவுங்கள்ல பெருசான கிரேட் பிளாஸ்கெட்ல ஒரு காலத்துல 170 பேருக்கு மேல இருந்தாங்க. மீன்பிடி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஆடு, அவ்ளோதான் பொழப்பு. டாக்டர் கிடையாது, பாதிரியார் கிடையாது, கடை கூட கிடையாது. டன்குயின்லேருந்து பாத்தா கை நீட்டற தூரத்துலதான் தீவு, ஆனா நடுவுல இருக்கற கடல் சாதாரணக் கடல் இல்ல, 1588-ல இங்கிலாந்து மேல படையெடுத்து வந்த ஸ்பெயின் கப்பற்படையான ஸ்பானிஷ் அர்மடாவோட சாண்டா மரியா தெ லா ரோசாங்கற கப்பல் அந்த ஜலசந்திலதான் முழுகுச்சு, தப்பினது ஒரே ஒரு ஆள். தீவுக்காரங்க அதைத் தார் பூசின துணி போத்தின நவோகுங்கற மெல்லிசு படகுல தாண்டிட்டிருந்தாங்க. இளசுங்க ஒவ்வொருத்தரா அமெரிக்கா கிளம்பினாங்க, நிறைய பேர் மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. மிச்சம் இருந்தவங்க வயசானவங்க, கிழவங்களால அந்தக் கடல்ல துடுப்பு போட முடியல.

1946 கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு வாலிபனுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு. புயல், படகு போக வழியில்ல, டாக்டரைக் கூட்டிட்டு வர முடியல, பையன் இறந்துட்டான், சவப்பெட்டி கொண்டு வரக்கூட நாளாச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல புயல்ல மாட்டிட்டோம், சாப்பிட ஒண்ணும் இல்ல, சாப்பாடு அனுப்புங்கன்னு பிரதமர் டி வலேராவுக்கே தந்தி போச்சு, அவர் அந்த வருஷமே தீவுக்கு நேர்ல வந்து பாத்துட்டும் போனார். அப்படியும் சர்க்கார் அசைஞ்சு கொடுக்க ஆறு வருஷம். 1953 நவம்பர் 17, மிச்சம் இருந்த 22 பேரை வெளிய கொண்டு வர நாள் குறிச்சாங்க, பெரும்பாலானவங்களுக்கு எதிர்க் கரைல டன்குயின்லயே வீடு. தான் பொறந்த வீட்டை தினமும் வாசல்லேருந்தே பாத்துட்டு மிச்ச காலத்தை ஓட்டினாங்க.

இதுல ஆச்சரியம் என்னன்னா அந்தச் சின்னத் தீவுலேருந்து ஐரிஷ் மொழிக்கு ஒரு இலக்கியமே வந்துச்சு. தாமஸ் ஓ க்ரிஹன்னு ஒரு மீனவர், நாப்பது வயசுக்குப் பக்கத்துலதான் தன் மொழியை எழுதப் படிக்கவே கத்துக்கிட்டவர், தன்னோட கதையை எழுதி 1929-ல புத்தகமா வந்துச்சு. பெக் சேயர்ஸ்ங்கற அம்மா வாயால சொல்லச் சொல்ல மகன் எழுதினது 1936-ல. அந்தம்மா புத்தகம் பல வருஷம் பள்ளிக்கூடப் பாடமா இருந்ததால அயர்லாந்துல அதைக் கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ண ஒரு தலைமுறையே இருக்கு, பேரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பாங்க. நம்மூர்ல மனப்பாடச் செய்யுள் படுத்தின பாடு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். டன்குயின்ல பிளாஸ்கெட் சென்டர்னு மியூசியம் இருக்கு, 1993-ல திறந்தது, ஒரு மணி நேரம் கண்டிப்பா ஒதுக்குங்க. சீசன்ல படகுல தீவுக்கே போலாம், இடிஞ்ச வீடுங்க நடுவுல நடக்கலாம், வெள்ளை மணல்ல கூட்டமா சாம்பல் சீல்ங்க படுத்திருக்கும். கடல் சரியில்லேன்னா படகு கேன்சல், கடைசி நிமிஷத்துல கூட, அதனால தீவு போறதை முதல் நாளே வச்சுக்கோங்க, போகலேன்னா மறுநாள் இருக்கும்.

டிங்கிள்ல ஒரு டால்ஃபின் இருக்காமே, என் பொண்ணு பாத்தே ஆகணும்ங்கறா.
வாசகி, ஈரோடு

ஃபங்கின்னு பேரு. 1983-ல டிங்கிள் துறைமுகத்துக்கு வந்துச்சு, 37 வருஷம் அங்கயே தனியா சுத்திட்டிருந்துச்சு, 2020 அக்டோபர்லேருந்து காணோம். இப்ப வெண்கலச் சிலைதான் இருக்கு. பாப்பாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க. படகு சவாரி இன்னும் இருக்கு, கோடைல வேற டால்ஃபின், பஃபின் பறவை எல்லாம் கண்ணுல படலாம், கேரன்டி இல்ல.

எந்த மாசம் நல்லது? மழை இல்லாத மாசம் சொல்லுங்க.
வாசகர், தூத்துக்குடி

அப்படி ஒரு மாசம் கெர்ரில கிடையாது அண்ணாச்சி. மே, ஜூன், செப்டம்பர் நல்லா இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம், ரூம் வாடகை எகிறும், ஆனா வேலில ஃப்யூஷியா செடி சிவப்பா தொங்கறது அப்பதான். ஜூன்ல ராத்திரி பத்து மணி வாக்குலதான் சூரியன் விழும், பஸ்ஸெல்லாம் போன பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இந்த ரவுண்டு போனா ரோடு உங்களுதுதான். டிசம்பர்னா நாலரைக்கே இருட்டிடும். கோடைன்னாலும் 18 டிகிரி வந்தா லோக்கல் ஆளுங்க சட்டையைக் கழட்டிடுவாங்க, நீங்க ஸ்வெட்டரைக் கழட்ட வேண்டாம். குடை எடுத்துட்டுப் போகாதீங்க, அந்தக் காத்துல குடை ரெண்டு நிமிஷம் தாங்காது, தலையை மூடற மழைக்கோட்டுதான்.

நாங்க சுத்த சைவம். என்ன சாப்பிடறது?
வாசகி, மயிலாப்பூர்

டிங்கிள் டவுன்ல பிரச்சினையே இல்ல, டவுனை விட்டு வெளிய போனாதான் யோசிக்கணும். பெரும்பாலான கஃபேல வெஜிடபிள் சூப்பும் பிரவுன் பிரெட்டும் உண்டு, சூப்புல கோழி வேகவச்ச தண்ணி சேத்திருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, கேட்டா மரியாதையா பதில் சொல்லுவாங்க. டவுன்ல சூப்பர் மார்க்கெட் இருக்கு, தயிர் கிடைக்கும், கிச்சன் இருக்கற தங்குமிடம் எடுத்தா சாதம் வடிச்சுட்டுப் போயிடலாம், கூமினூல் மேட்டுல உக்காந்து தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிடறதுக்கு எந்த ரெஸ்டாரன்ட்டும் ஈடாகாது. மர்ஃபீஸ் ஐஸ்க்ரீம் டிங்கிள்லேயே பொறந்த கடை, கடல் உப்பு ஃப்ளேவர் கேளுங்க.

ரிங் ஆஃப் கெர்ரிதான் ஃபேமஸ்னு ட்ராவல் ஏஜென்ட் சொல்றார். டிங்கிளா அதுவா?
வாசகர், ஓசூர்

ஃபேமஸ்ங்கறது உண்மைதான், பஸ் கூட்டமும் அங்கதான். டிங்கிளுக்குத் தெற்கால பக்கத்துத் தீபகற்பத்தைச் சுத்தி வர்ற ரோடு அது, 179 கிலோமீட்டர், பாதி நேரம் பஸ் பின்னாடியே போகணும், நல்ல இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. ஒரே நாள்தான் இருக்குன்னா கண்ணை மூடிட்டு டிங்கிள். மூணு நாள் இருந்தா டிங்கிளுக்கு ரெண்டு, மூணாவது நாள் தெற்கால பேரா தீபகற்பம், அங்க ஹீலி பாஸ்னு ஒரு மலை ரோடு இருக்கு, ஆள் நடமாட்டமே குறைச்சல். ஏஜென்ட் பேராவைச் சொல்ல மாட்டார், அங்க பெரிய பஸ் போகாது.

கானர் பாஸ் ரொம்ப டேஞ்சராமே? என் வீட்டுக்காரர் அதுல ஓட்டியே தீருவேங்கறார்.
வாசகி, தஞ்சாவூர்

டிங்கிள்லேருந்து வடக்கால மலையைத் தாண்டி இறங்கற ரோடு அது, உச்சி 400 மீட்டருக்கு மேல. டிங்கிள் பக்கம் அகலமாதான் ஏறும், உச்சிக்கு அந்தப் பக்கம்தான் ஒரு வண்டி அகலத்துக்கு ஒடுங்கி, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை தலைக்கு மேல வந்து நிக்கும், இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கும் குட்டிக் குட்டி ஏரிங்களும். ரெண்டு டன்னுக்கு மேல இருக்கற வண்டிக்கு அனுமதி கிடையாது. சின்னக் காரும் தெளிவான நாளும்னா உங்க வீட்டுக்காரர் ஓட்டட்டும். பனிமூட்டம்னா வேண்டவே வேண்டாம், ஆபத்துங்கறதை விட ஒண்ணுமே தெரியாது, எதுக்குப் போகணும்? பயமா இருந்தா உச்சில இருக்கற கார் பார்க் வரைக்கும் போய் பாத்துட்டு அப்படியே டிங்கிள் திரும்பிடுங்க, காட்சில முக்கால்வாசி அங்கயே கிடைச்சுடும். 2024-ல இந்தப் பக்க நிலத்தையும் கடலையும் சேத்து அயர்லாந்தோட முதல் கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சிருக்காங்க.

எனக்கு கார் ஓட்டவே வராது. நான் எல்லாம் இதைப் படிச்சுட்டு பெருமூச்சு விடறதோட சரியா?
வாசகி, நாகர்கோவில்

அதெல்லாம் இல்ல. ட்ராலிலேருந்து டிங்கிளுக்கு பஸ் இருக்கு. டிங்கிள் டவுன்ல லோக்கல் ஆளுங்களே ஓட்டற மினிபஸ் டூர் கிடைக்கும், சொந்தக் காரை விட அது மேலுன்னு கூட சொல்லுவேன், ஓட்டறவர் கதையும் சொல்லுவார், நீங்க இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிச்சுட்டா போதும். சைக்கிள் பழக்கம் இருந்தா பேட்டரி சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். எதிர்காத்து எப்படி இருக்கும்னு மட்டும் கடைக்காரர் முன்கூட்டியே சொல்ல மாட்டார், நான் சொல்லிட்டேன்.